கணக்குத் தெரிந்தவரின் நஷ்டக் கணக்கு: இளையோர் சூதாட்டத் தடுப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்தகவுப் பாடத்தில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் பெற்றிருந்த 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர், தேர்வுக் கட்டணத்துக்கென்று வீட்டில் கொடுத்த பணத்தை இணையவழிப் பந்தயத்தில் இழந்து, அதை மீட்பதற்காக 3 கடன் செயலிகளில் வாங்கிய தொகையையும் இழந்த பிறகு, அக்காவின் வற்புறுத்தலால் ஆலோசனைக்கு வந்தார். முதல் சந்திப்பில் அவர் சொன்ன முதல் வாக்கியமே இந்த ஆய்வை எழுதத் தூண்டியது. "சூதாட்டத்தில் கடைசியில் ஜெயிப்பது நடத்துபவர்தான் என்று எனக்கு நிரூபித்தே காட்டத் தெரியும், சார், அதை மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாம்."

இங்கு விவரிக்கப்படும் மாணவர் தனி ஒருவர் அல்லர். ஒரே போக்கில் அமைந்த பல வரலாறுகளின் கூறுகளை எடுத்து ஒருவருடையதாகக் கோத்திருக்கிறோம். எவரையும் அடையாளம் காண இயலாதபடி படிப்பு, குடும்ப அமைப்பு, கால வரிசை ஆகியவை மாற்றப்பட்டுள்ளன. ஒருவர் எப்படிச் சிக்கினார் என்பதைக் காட்டிலும், சிக்குவதற்கு முன்பு எந்தெந்த இடங்களில் அவரை நிறுத்தியிருக்க முடியும் என்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

பின்னணி

சூதாட்டம் எப்போது தொடங்கியது என்று கேட்டபோது அவர் 17 வயதைக் குறிப்பிட்டார். அக்காவோ தயக்கமின்றி 13 என்றார். இருவர் சொன்னதும் சரியே. 13 வயதில் அவர் ஆடியது கைபேசியில் உள்ள ஒரு சுடும் விளையாட்டு. அதில் லூட் பாக்ஸ் எனப்படும் மூடிய பெட்டிகள் விற்கப்பட்டன. திறந்தால் அரிய ஆயுதம் வரலாம், ஒன்றுக்கும் உதவாத தொப்பியும் வரலாம். பெட்டி திறக்கும்போது திரை அதிர்ந்து, வண்ணங்கள் சுழன்று, அரிய பொருளின் மேல் ஒரு கணம் நின்று, பிறகு அடுத்ததற்கு நகர்ந்துவிடும். ஆயுதத்தைவிட அந்த ஒரு கணத்துக்காகவே பெட்டி வாங்கியதாக அவரே பின்னர் நினைவுகூர்ந்தார். பெற்றோர் இதை விளையாட்டுச் செலவாகக் கருதினர். பணம் கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகள் தன் சூதாட்டச் சட்டத்துக்குள் வருகின்றன என்று பெல்ஜியம் 2018-இல் அறிவித்தது. பெரும்பாலான நாடுகள் இன்றும் அப்படி வகைப்படுத்தவில்லை.

15 வயதில் நண்பர்களோடு போட்டி முடிவுகளை ஊகித்துச் சொல்லும் பழக்கம் வந்தது. பணம் கைமாறவில்லை, ஆயினும் யார் சரியாகச் சொன்னார் என்ற பட்டியல் இருந்தது. அதில் அவர் எப்போதும் முதலிடம். 17 வயதில், தன் வயதில் கணக்குத் தொடங்க முடியாது என்பதால், அக்காவின் அடையாள ஆவணத்தின் படத்தைப் பயன்படுத்திப் பந்தயச் செயலியில் பதிவு செய்தார். அக்காவுக்கு அது 2 ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. முதல் வாரத்திலேயே ஒரு போட்டியில் தன் மாதச் செலவுப் பணத்தைப்போல் 4 மடங்கை வென்றார். இளம் வயதில் தொடங்குவதும் தொடக்கத்திலேயே பெரிதாக வெல்வதும் பின்னாளைய பாதிப்புடன் சேர்ந்தே காணப்படுகின்றன என்பது இத்துறையினர் அனைவரும் அறிந்தது. இவருக்கு இரண்டும் அமைந்தன. அந்த வெற்றிப் பணத்தில் அவர் அம்மாவுக்கு ஒரு பரிசு வாங்கிக் கொடுத்தார். பகுதிநேர வேலை செய்து வாங்கியதாகச் சொன்னார். சூதாட்டம் தொடர்பாக வீட்டில் சொல்லப்பட்ட முதல் பொய் நஷ்டத்தை மறைக்கப் பிறக்கவில்லை, வெற்றியை மறைக்கப் பிறந்தது. குடும்பங்களிடம் பேசும்போது நாங்கள் இதை அழுத்திச் சொல்வதுண்டு, ஏனெனில் பணம் குறைவதை மட்டும் கவனிக்கும் பெற்றோர் காரணம் தெரியாமல் வரும் பணத்தைக் கேள்வி கேட்பதில்லை.

வந்தபோது இருந்த நிலை

போட்டிப் பந்தயத்திலிருந்து அவர், படங்களைச் சுழலவிட்டு அவை பொருந்தி நிற்கின்றனவா என்று பார்க்கும் ஸ்லாட், சிவப்பு, கறுப்பு நிற எண்கள் கொண்ட சக்கரத்தில் பந்து எங்கே நிற்கும் என்று கட்டும் ரூலட் ஆகிய விரைவு ஆட்டங்களுக்கு மாறியிருந்தார். போட்டி முடிய மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ரூலட்டில் அரை நிமிடம் போதும். ஆடும் நேரம் பெரும்பாலும் இரவு 11.30-க்கும் 3 மணிக்கும் இடையில். கைபேசியைத் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பதும், குளியலறைக்குக் கைபேசியோடு போய் நெடுநேரம் வராமல் இருப்பதும் வீட்டில் கவனிக்கப்பட்டன. காதல் விவகாரம் என்று அம்மா நினைத்திருந்தார். அப்பா எதையும் நினைக்கவில்லை, மதிப்பெண் குறையாதவரை கேட்கத் தேவையில்லை என்பது அவர் கொள்கை.

மதிப்பீட்டை 2 கேள்விகளில் தொடங்கினோம். மேலும் மேலும் கூடுதலான பணத்தை வைத்து ஆட வேண்டும் என்ற உந்துதல் எப்போதாவது வந்ததுண்டா? எவ்வளவு ஆடுகிறீர்கள் என்பதுபற்றி உங்களுக்கு முக்கியமானவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்ததுண்டா? 1997-இல் வெளியான இந்தச் சிறு கேள்வித்தாளில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றாலே விரிவாக ஆராய வேண்டும். அவர் இரண்டுக்கும் உடனே தலையசைத்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளுக்கான டிஎஸ்எம்-5 வகைப்பாடு, சூதாட்டக் கோளாறை முதன்முறையாக மது, போதைப்பொருள் அடிமைநிலைகளுடன் ஒரே பிரிவில் வைத்தது. அதன் 9 அளவுகோல்களில் 12 மாதத்துக்குள் 4 பொருந்தினால் கோளாறு என்றும், 6 அல்லது 7 பொருந்தினால் மிதமான நிலை என்றும் கொள்ளப்படும். இவருக்கு 7 பொருந்தின. பொருந்தாதவற்றுள் ஒன்று கவனத்துக்குரியது. மன வருத்தத்திலிருந்து தப்பிக்க ஆடுவது என்ற அளவுகோல் இவருக்குப் பொருந்தவில்லை. இவர் துயரத்தில் ஆடியவர் அல்லர், தன்னம்பிக்கையில் ஆடியவர்.

தற்கொலை எண்ணம் குறித்து நேரடியாகக் கேட்டோம். சூதாட்டக் கோளாறுக்குச் சிகிச்சை பெறுவோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் வரை அந்த எண்ணத்தைச் சந்தித்திருக்கின்றனர் என்பதால், இக்கேள்வியை நாசூக்கு கருதித் தவிர்க்கக் கூடாது. கடன் செயலியிலிருந்து வந்த மிரட்டல் அழைப்புக்குப் பிறகு ஓர் இரவு அப்படித் தோன்றியதாகவும், திட்டம் எதுவும் இல்லை என்றும் சொன்னார். அந்த எண்ணம் மீண்டும் வந்தால் யாரிடம் முதலில் சொல்வது, எந்த அவசர உதவி எண்ணை அழைப்பது, எந்த நேரத்திலும் எங்களை எப்படித் தொடர்புகொள்வது என்பவற்றை அன்றே எழுதிக் கொடுத்தோம். அக்காவையும் உடன் வைத்துக்கொண்டோம்.

தெரிந்ததும் உதவாததும்

ஐரோப்பிய ரூலட் சக்கரத்தில் 37 எண்கள் உள்ளன, ஓர் எண்ணில் கட்டி வென்றால் கட்டிய பணத்துக்கு மேல் 35 மடங்குதான் தரப்படுகிறது, ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் கட்டிய பணத்தில் சராசரியாக 2.7 சதவீதம் நடத்துபவருக்குப் போகிறது என்பதை அவர் எங்களுக்கு விளக்கினார். மொனாக்கோவின் மான்டி கார்லோ சூதாட்ட மனையில் 1913-இல் கறுப்பு நிறம் தொடர்ந்து 26 முறை வந்ததையும், இனி சிவப்புதான் வந்தாக வேண்டும் என்று கட்டியவர்கள் பெரும் பணத்தை இழந்ததையும் அவரே சொன்னார். தோற்கும்தோறும் பணத்தை இரட்டிப்பாகக் கட்டும் முறையில், 1 அலகில் தொடங்கி 10 முறை அடுத்தடுத்துத் தோற்றால் 1,023 அலகுகள் போயிருக்கும், 11-ஆவது முறைக்கு 1,024 வேண்டும் என்று தாளில் எழுதிக்காட்டினார். அதே முறையைத்தான் தேர்வுக் கட்டணத்தை இழந்த இரவில் அவர் பின்பற்றியிருந்தார்.

அப்படியானால் அந்த இரவு அவர் தலையில் என்ன ஓடியது? "கணக்கு ஓடவில்லை, சார். விட்டதைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்." சூதாடுவோர் அனைவரும் சொல்லும் சொல் இது. வழக்கு மொழியில் இவ்வளவு துல்லியமாக அமைந்துவிட்ட இச்சொல்லுக்கு ஈடான ஒரு மருத்துவச் சொல்லைத் தேடுவது வீண் வேலை. விட்ட பணம் இன்னும் தன்னுடையது, எதிராளியிடம் தற்காலிகமாக இருக்கிறது, கை நீட்டினால் எட்டிவிடும் என்ற உணர்வு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

அந்த உணர்வை ஆட்டத்தின் வடிவமைப்பே ஊட்டி வளர்க்கிறது. எத்தனையாவது முயற்சியில் பலன் கிடைக்கும் என்று தெரியாதபோது உயிரினங்கள் விடாமல் முயல்கின்றன என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களிலும் எலிகளிலும் காட்டினார். ஸ்லாட் ஆட்டம் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. மயிரிழையில் தவறும் தோல்வி, வெற்றிக்குப் பதிலளிக்கும் மூளைப் பகுதிகளையே தூண்டுகிறது என்றும், தொடர்ந்து ஆடும் ஆசையை அது கூட்டுகிறது என்றும் உளவியலாளர் லூக் கிளார்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்டனர். 10 கட்டி 4 திரும்ப வரும்போதும் மணியடித்து விளக்கு மின்னும் 'வெற்றி வேடமிட்ட தோல்வி'க்கு ஆடுபவர்களின் உடல் உண்மையான வெற்றிக்குப்போலவே எதிர்வினை காட்டுகிறது என்பதைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் பதிவு செய்தனர். உந்துதலுக்குக் கடிவாளம் போடும் முன்மூளைப் பகுதி 25 வயதையொட்டியே முழு வளர்ச்சி அடைகிறது. ஆகவே 19 வயதில் நள்ளிரவில் ஒருவர் ஆடும்போது, பகலில் தேர்வு எழுதிய அறிவு அவருக்குத் துணைக்கு வரும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. இதை அவரிடம் சொன்னபோது அவருக்கு ஓரளவு நிம்மதி ஏற்பட்டது. தான் முட்டாள் இல்லை என்பது அவருக்கு முக்கியமாக இருந்தது.

மேற்கொண்ட நடவடிக்கைகள்

அறிவு தடுக்கவில்லை என்பது தெளிவானபின், உந்துதலுக்கும் பந்தயத்துக்கும் நடுவே இடைவெளியை உண்டாக்குவதே முதல் வேலை என்று முடிவு செய்தோம். அவருடைய கைபேசியில் உந்துதல் எழுந்ததிலிருந்து பணம் கட்டப்படும்வரை ஆன நேரத்தை அவரையே அளந்து காட்டச் சொன்னோம், பணம் கட்டாமல். விரல் ரேகையில் திறப்பு, சேமித்துவைத்த அட்டை விவரம், ஒரே தொடுதலில் கட்டணம்: 9 வினாடிகள்.

செயலிகள் நீக்கப்பட்டன. பந்தயத் தளங்களைத் தடுக்கும் மென்பொருள் நிறுவப்பட்டு, அதன் கடவுச்சொல் அக்காவிடம் கொடுக்கப்பட்டது. சேமித்த அட்டை விவரங்கள் அழிக்கப்பட்டன. தளங்களில் தன்னைத்தானே விலக்கிக்கொள்ளும் வசதியைப் பயன்படுத்தினார். அக்காவின் பெயரில் இருந்த கணக்கு அவர் வாயிலாகவே மூடப்பட்டது. ஒவ்வொரு தளத்திலும் தனித்தனியாக விலக வேண்டியிருந்தது பெருங்குறை. பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்ற பதிவேட்டில் ஒருமுறை பெயர் கொடுத்தால் உரிமம் பெற்ற இணையத் தளங்கள் அனைத்தும் அவரை ஏற்கக் கூடாது என்பது 2020 முதல் கட்டாயம். இரவு 11 மணிக்குக் கைபேசி கூடத்தில் இருக்க வேண்டும் என்பது குடும்பம் முழுவதற்குமான ஒழுங்காயிற்று. அவருக்கு மட்டும் விதித்திருந்தால் அது தண்டனையாகிப்போயிருக்கும். அப்பாவும் தம் கைபேசியைக் கொண்டுவந்து வைத்தார், முதல் வாரம் முணுமுணுப்புடன்.

கடன் விஷயத்தில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஒரே நாளில் அடைத்துவிட்டுத் தலை முழுகிவிடலாம் என்று அப்பா விரும்பினார். ஏற்கெனவே ஒருமுறை, காரணம் கேட்காமல், அவர் அப்படிச் செய்திருந்தார் என்பது அப்போதுதான் தெரியவந்தது. அந்தத் தொகை வந்த இரவே மகன் மீண்டும் ஆடியிருந்தார். தோல்வியின் சுமை தானாக இறங்கியபோது அவர் அதைத் தோல்வியாகவே கணக்கில் சேர்க்கவில்லை. எனவே கடன்காரர்களுக்குப் பணம் நேரடியாகச் செல்லும்படியும், அதை மகன் பகுதிநேர வேலையில் ஈட்டித் தவணையாக அப்பாவுக்குத் திருப்பித் தரும்படியும் எழுத்தில் ஏற்பாடு செய்தோம். மிரட்டல் அழைப்புகளைச் சட்ட உதவியாளர் ஒருவர் கையாண்டார்.

மூன்றாம் சந்திப்பில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேசைமேல் இருந்த அவருடைய கைபேசி ஒளிர்ந்தது. "உங்களைச் சில நாள்களாகக் காணவில்லையே! இலவசச் சுழற்சிகள் காத்திருக்கின்றன. இன்று இரவு 12 மணி வரை மட்டும்" என்றது குறுஞ்செய்தி. செயலியை நீக்கியபோதும் எண் அவர்களிடம் இருந்தது. அவர் அதைப் படித்தார், எங்களைப் பார்த்தார், மீண்டும் படித்தார். கழுத்து நரம்பு துடித்ததை எதிரே இருந்து காண முடிந்தது. உந்துதல் எப்படி எழுந்து, உச்சிக்குப் போய், தானாக வடிகிறது என்பதை அதற்கு முன் 2 சந்திப்புகளில் நாங்கள் வாயால் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்று கடிகாரத்தைப் பார்த்தபடி மூவரும் உட்கார்ந்திருந்தோம். 17 நிமிடங்கள் ஆயின. அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அந்த எண்ணைத் தடை செய்தார்.

பிறகு அவரிடம் ஒரு வேலை கொடுத்தோம். அவருடைய கைபேசியில் வெற்றிகளின் ஸ்கிரீன்ஷாட்டுகள் மட்டும் ஒரு கோப்புறையில் 61 இருந்தன. தோல்விக்கு ஒன்றுகூட இல்லை. தளங்களிடமிருந்து முழுக் கணக்கு அறிக்கையைக் கேட்டுப் பெற்று, ஒவ்வொரு வரவையும் செலவையும் அட்டவணையில் ஏற்றச் சொன்னோம். நிகழ்தகவு தெரிந்தவருக்குத் தன் சொந்த நிகர நஷ்டம் தெரிந்திருக்கவில்லை. அவர் ஊகித்த தொகையைவிட அது 3 மடங்கு இருந்தது. ரூலட் சக்கரத்தின் 2.7 சதவீதம் யாரோ ஒருவருடைய கணக்கு. இந்தத் தாளில் இருந்தது அவருடையது.

சறுக்கல்

ஐந்தாம் மாதத்தில், முக்கியமான போட்டி ஒன்று நடந்த இரவில், நண்பரின் கைபேசியில் அவர் பந்தயம் கட்டினார். வென்றார். தோற்றிருந்தால் எங்களுக்குக் கவலை குறைவாக இருந்திருக்கும். மறுநாளே அக்காவிடம் சொன்னதுதான் வேறுபாடு. முதல் முறை அவருடைய நிலை வெளிவர 2 ஆண்டுகள் ஆயின, இம்முறை ஒரு நாள் ஆயிற்று. வென்ற தொகை கடன் தவணைக்குப் போகக் கூடாது என்று நாங்கள் கேட்டுக்கொண்டோம், ஏனெனில் சூதாட்டப் பணம் கடனை அடைத்தது என்ற நினைவு அவருக்குள் பதியக் கூடாது. நண்பரிடமே அது திரும்பிச் சென்றது.

தடுப்பு விடுபட்ட இடங்கள்

இம்மாணவர் படித்த பள்ளியில் சூதாட்ட விழிப்புணர்வுக் கூட்டம் ஒருமுறை நடந்திருந்தது. வெல்லும் வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று படங்களுடன் விளக்கினார்கள். அவர் கேள்வி கேட்டுப் பாராட்டும் பெற்றார், அப்போதே பந்தயக் கணக்கு வைத்திருந்தார். பள்ளித் திட்டங்களை மதிப்பிட்ட ஆய்வுகளிலும் இதுவே காணப்படுகிறது: அறிவும் மனப்போக்கும் கூட்டத்துக்குப் பின் மேம்படுகின்றன, ஆடுவது குறைந்ததற்கான சான்று மெலிந்திருக்கிறது. இக்கூட்டங்களை நிறுத்த வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அவற்றில் வாய்ப்பு விகிதத்துக்கு ஒதுக்கும் நேரத்தைக் குறைத்து, கைபேசியில் பணக் கட்டுப்பாடுகளை அமைப்பது எப்படி, நண்பன் விட்டதைப் பிடிக்க ஆடுகிறான் என்று தெரிந்தால் என்ன பேசுவது, கடன் வாங்கிவிட்டால் யாரிடம் முதலில் போவது என்பவற்றைச் செய்முறையாகக் கற்பிக்கலாம்.

வீட்டில் விடுபட்டது கேள்வி. 13 வயதில் பெட்டி வாங்கும்போது "உள்ளே என்ன வந்தது?" என்று ஒருவர் உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும், கண்டிக்க வேண்டியதில்லை. கண்டிக்கும் வீடுகளில் பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்துவதைவிட மறைத்து ஆடவே விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது எங்கள் அனுபவம். அதேசமயம், பெரியவர்கள் தாங்களே பந்தயம் கட்டிக்கொண்டு பிள்ளைக்கு மட்டும் உபதேசம் செய்வது செல்லாது.

ஆயினும் 9 வினாடிகளில் நடந்து முடியும் ஒன்றைப் பள்ளியும் வீடும் மட்டும் தடுத்துவிட முடியாது. இங்கே எங்கள் கருத்து உறுதியானது: பெரும்பங்குப் பொறுப்பு ஆட்டத்தை வடிவமைப்பவருக்கும் அனுமதிப்பவருக்கும் உரியது. நார்வே 2007-இல் ஸ்லாட் இயந்திரங்களை அடியோடு அகற்றி, 2009-இல் அரசு நிறுவனத்தின் வழியே, ஆடுபவரின் அட்டையும் கட்டாய நஷ்ட வரம்பும் கொண்ட இயந்திரங்களை மட்டுமே மீண்டும் அனுமதித்தது. இத்தாலி 2018-இல் சூதாட்ட விளம்பரங்களுக்குத் தடை விதிக்கும் ஆணையைக் கொண்டுவந்தது. பிரிட்டன் 2020-இல் கடன் அட்டையால் பந்தயம் கட்டுவதைத் தடுத்தது, 2021-இல் தேசிய லாட்டரிக்கான வயதை 16-இலிருந்து 18-ஆக உயர்த்தியது. 2025-இல் இணைய ஸ்லாட்டில் ஒரு சுழற்சிக்கான உச்சத் தொகையை 25 வயது நிறைந்தோருக்கு 5 பவுண்டு என்றும், 18 முதல் 24 வயதினருக்கு 2 பவுண்டு என்றும் வரையறுத்தது. 18 வயது நிறைந்த மறுநாளே ஒருவர் பாதுகாப்பு தேவைப்படாதவர் ஆகிவிடுவதில்லை என்பதைச் சட்டத்தில் ஒப்புக்கொண்டதால் கடைசியாகச் சொன்னதை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். நம் மாணவரின் நஷ்டத்தில் பெரும்பகுதி 18 வயதுக்குப் பிறகு, தன் சொந்தப் பெயரில், வயது வரம்பு எதையும் மீறாமல் நேர்ந்தது.

தற்போதைய நிலை

14 மாதங்கள் ஆகின்றன. ஐந்தாம் மாதச் சறுக்கலுக்குப் பின் அவர் ஆடவில்லை. இரண்டு கடன்கள் முடிந்தன, மூன்றாவது நடக்கிறது. போட்டிகளை இப்போதும் பார்க்கிறார், நண்பர்கள் இல்லாமல். அது அவருக்கு இழப்பாகவே இருக்கிறது.

அவருடைய கல்லூரி, விழிப்புணர்வுக் கூட்டத்தில் தம் அனுபவத்தைப் பேச அவரை அழைத்தது. நாங்கள் வேண்டாம் என்றோம். மீண்ட கதையைச் சொல்லும்போது முதல் வாரத்தில் 4 மடங்கு வென்றதையும் சொல்லியாக வேண்டும், 18 வயதினர் நிறைந்த அரங்கில் காதில் தங்குவது அந்தப் பகுதியாக இருக்கலாம். அவர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். பேச்சுக்குப் பதிலாக, பந்தயத் தளத்திலிருந்து முழுக் கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்குவது எப்படி, அதை அட்டவணையில் ஏற்றி நிகர நஷ்டத்தைக் காண்பது எப்படி என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதில் அறிவுரை ஒரு வரிகூட இல்லை. அடுத்து ஆலோசனைக்கு வந்த 2 இளைஞர்களிடம் அந்தப் பக்கத்தையே கொடுத்தோம். அவர்களில் ஒருவர் மறுவாரம் நிரப்பிய அட்டவணையுடன் வந்தார், மற்றவர் இன்னும் வரவில்லை.